காரைக்காலில் தங்காதவர்கள் புதுச்சேரியில் ஏன் தங்குகிறார்கள்?

புதுச்சேரி வெளியூர்க்காரர்களை ஏன் இழுக்கிறது என்று கேட்டால், மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலப் பலகையில் பிரெஞ்சுத் தெருப்பெயர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதில் சரிதானா என்று பார்க்கக் காரைக்கால் வரை போனால் போதும். அங்கும் 1739 முதல் பிரெஞ்சு ஆட்சிதான். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியோடு சேர்ந்தே இந்திய நிர்வாகத்துக்குக் கைமாறியது. அதே யூனியன் பிரதேசம், அதே மதுவரி, அதே வங்கக்கடல். திருநள்ளாறு சனி பகவானைக் கும்பிட லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். நளதீர்த்தத்தில் முழுகி, எள் விளக்கேற்றி, பெரும்பாலும் அன்றே பஸ் ஏறிவிடுகிறார்கள். ஓவியம் தீட்ட, ரொட்டிக்கடை வைக்க, ஓய்வுக்காலத்தைக் கழிக்க என்று வீடு தேடி வரும் கூட்டம் காரைக்காலுக்கு இல்லை. அங்கிருந்து சிறிது வடக்கே தரங்கம்பாடி. 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கடற்கரை, சீர்ப்படுத்திய பழைய வீடுகள் எல்லாம் உண்டு. வருகிறவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

காலனிக் கட்டடமும் கடலும் வரிச்சலுகையும் ஆட்களை வரவழைக்கும். வந்தவரை நிறுத்திவைக்க அவை போதாது. புதுச்சேரியில் அவரை நிறுத்திவைத்தவை நான்கு: அன்னியரை உள்ளே விட்ட எல்லை, அவருக்காகக் கையெழுத்துப் போட்ட உள்ளூர்க்காரர், தங்க ஓர் அறை, செய்ய ஒரு வேலை. இவை ஒரே நாளில் திட்டமிட்டு வந்தவை அல்ல. ஆனால் ஒன்று குறைந்திருந்தாலும் இன்றைய புதுச்சேரி இருந்திருக்காது.

எல்லைக்கோட்டின் பயன்

1908இல் சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகை மீது வழக்குப் பாய்ந்தபோது பாரதி புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை விழுந்ததால் 1910இல் நின்றுபோனது. பாரதி நின்றுவிட்டார், 1918 வரை. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். இவர்களை இழுத்தது கடற்கரை அழகு இல்லை. பிரிட்டிஷ் போலீஸ் இங்கே கைவிலங்கு மாட்ட முடியாது என்பதுதான் காரணம்.

எல்லைக்கோடு மட்டும் இவர்களைக் காப்பாற்றிவிடவில்லை. பிரிட்டிஷார் ஊருக்குள் ஒற்றர்களை நிறுத்தினார்கள், பிரெஞ்சு அரசை நெருக்கினார்கள். 1911இல் அன்னியர் பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர் உள்ளூரின் முக்கியப் பிரமுகர்கள் ஐந்து பேரிடம் நற்சான்றுக் கையெழுத்து வாங்கித் தரவேண்டும். இல்லையென்றால் வெளியேற வேண்டும். அந்த ஐந்து கையெழுத்துகளைச் சேர்த்துத் தந்ததில் கலவை சங்கரச் செட்டியாருக்கு முக்கியப் பங்கு உண்டு. அரவிந்தர் ஊருக்கு வந்ததும் முதல் சில மாதங்கள் ஒளிந்து தங்கியதும் செட்டியார் வீட்டு மாடியில்தான். கையெழுத்துப் போட்டவர்கள் புரட்சிக்காரர்கள் அல்ல. சொத்தும் பெயரும் உள்ள ஊர்ப்பெரியவர்கள். பிரிட்டிஷ் ஒற்றர்கள் தெருமுனையில் நிற்கும்போது, நேற்று வந்த ஒருவருக்காகத் தங்கள் பெயரை அடகு வைத்தார்கள். புதுச்சேரியின் பண்பாட்டு வரலாற்றில் பிரெஞ்சு ஆளுநர் மாளிகையைவிட இந்த ஐந்து கையெழுத்துகளுக்கே அதிக இடம் தரவேண்டும்.

இதன் பலன் உடனே தெரிந்தது. பாரதியின் பெரிய ஆக்கங்கள் பல இந்தப் பத்தாண்டில் எழுதப்பட்டன. கனகசுப்புரத்தினம் என்ற உள்ளூர்த் தமிழாசிரியர் அவரைச் சந்தித்துப் பாரதிதாசன் ஆனார். வந்தவருக்கு இடம் கிடைத்தது. ஊருக்குத் தன் கவிஞர் கிடைத்தார். புதிதாய் வருபவரும் உள்ளூர்க்காரரும் ஒருவர் வேலையை ஒருவர் மாற்றும் இடத்தில்தான் பண்பாடு பிறக்கிறது. இருவரும் தனித்தனியே வாழும் இடத்தில் கடைகள் மட்டுமே பெருகும்.

காலி வீடு, நிலையான உடைமையாளர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி தேய்ந்துகொண்டிருந்த துறைமுகம். உழைப்பாளர் ஊராக அது இருந்தது பஞ்சாலைகளால். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆனால் கடலோரத்துப் பெரிய வீடுகளில் வணிகம் செய்த குடும்பங்கள் குறைந்துவிட்டிருந்தன. பெரிய வீடுகள் மலிவாகக் கிடைத்தன.

1926 நவம்பர் 24 அரவிந்தர் ஆசிரமம் தொடங்கிய நாளாகக் கொள்ளப்படுகிறது. அப்போது உள்ளே இருந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். எண்ணிக்கை கூடக் கூட, ஒரு புது வளாகம் கட்டாமல் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக வாடகைக்கும் விலைக்கும் எடுத்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்தபோது 1943இல் பள்ளி தொடங்கியது. இன்றும் சாம்பல் நிறச் சுவரும் வெள்ளைக் கரையுமாகத் தெரியும் கட்டடம் பெரும்பாலும் ஆசிரமத்துடையது. வெள்ளை நகரம் எனப்படும் கடலோரப் பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகள் பல இடிபடாமல் தப்பியதற்கு நடைமுறைக் காரணம் இதுதான்: பாகப்பிரிவினைக்கு ஆளாகாத, விற்க அவசரமில்லாத ஒரு உடைமையாளர். மரபுச் சட்டம் எதுவும் அன்று இல்லை.

வந்தவருக்கு வேலையும் அங்கேயே இருந்தது. சமையல்கூடம், தையல், அச்சகம், ஊதுவத்தி, 1959இல் தொடங்கிய கையால் செய்யும் காகிதத் தொழிற்கூடம். கட்டடக் கலையில் பெரிய சாதனையான கோல்கொண்டா விடுதியும் இப்படித்தான் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமா போன்றவர்கள் இங்கே வந்து தங்கி, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் அது ஒன்று. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள். அறைக்கதவு தேக்குச் சட்டத்தில் நகரும். மூடினாலும் இடைவெளி வழியே காற்று குறுக்கே ஓடும். ஏசி இல்லாமலே சித்திரை வெயிலைத் தாங்கும் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களில் பலர் கட்டுமானத் தொழில் தெரியாத ஆசிரமவாசிகள். வந்த இடத்தில் கையில் கொத்துக்கரண்டி கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகும் இந்த வழி மூடவில்லை. 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வந்தது. அதுவும் தூரக்கிழக்கு பிரெஞ்சுப் பள்ளியின் இங்குள்ள மையமும் சேர்த்துக் காத்துவரும் சைவ ஆகமச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. 1823இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழியில் கோரிமேட்டில் ஜிப்மர் வளர்ந்தது. 1985இல் பல்கலைக்கழகம் வந்தது. சமஸ்கிருதம் படிக்க, தாவரம் ஆராய, மருத்துவம் பயில என்று ஒருவர் ஐந்து ஆண்டு தங்க இந்த ஊரில் காரணம் இருந்தது. காரைக்காலுக்கு இப்படிப்பட்ட நிறுவனங்கள் மிகப் பிந்தித்தான் வந்தன. இரண்டு ஊருக்குமான வேறுபாட்டில் பாதியை இந்த ஒரு விஷயமே விளக்கிவிடும்.

நடக்கக் கூடிய ஊர்

தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டும் அமைப்புக்கு அடிப்படை போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளின் மீதே மறுபடி கட்டினார்கள். புல்வார் எனப்படும் சுற்றுச்சாலைக்குள் இருக்கும் பழைய ஊரில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் அரை மணிக்குள் நடந்துவிடலாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள், மேற்கே தமிழர்கள். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று வெளிப்படையாகவே பெயர் வைத்திருந்தார்கள். நிறம் பார்த்துப் பிரித்த ஊர் இது. அந்தப் பிரிவினையை மறைத்துவிட்டு அழகை மட்டும் விற்பது ஊருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இரண்டு பக்கமும் வீடு தெருவோடு பேசும் விதம் வேறு. பிரெஞ்சு வீட்டில் உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்பால் வளைவுகளோடு தாழ்வாரம். தெருவில் நடப்பவருக்குத் தெரிவது மதில் மட்டுமே. தமிழ் வீட்டில் முதலில் தெருவோரத் தாழ்வாரம், மரத்தூண் மீது ஓட்டுக்கூரை, அது வழிப்போக்கருக்கு. அடுத்து திண்ணை, விருந்தாளிக்கு. அதன் பின் நிலைக்கதவு, ரேழி, முற்றம். கீழ்த்தளம் இப்படி இருக்க, மாடியில் மட்டும் பிரெஞ்சுப் பாணி வளைவு ஜன்னலும் சுவர்த்தூண் அலங்காரமும் வைத்த கலப்பு வீடுகளும் உண்டு. புதுச்சேரியின் தனி அடையாளமான வடிவம் இந்தக் கலப்பு வீடுதான். படமெடுப்பவர்கள் பெரும்பாலும் வாய்க்காலைத் தாண்டாமலே திரும்பிவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை.

தாழ்வாரம் ஒரு வீட்டின் சொத்து என்றாலும் பயன் தெருவுக்கு. பத்து வீட்டுத் தாழ்வாரம் தொடர்ந்து இருந்தால் வெயிலிலும் மழையிலும் நடக்கலாம். நடுவில் ஒரு வீட்டை இடித்துக் காருக்குச் சரிவுமேடை போட்டால் நிழல் அறுந்துவிடும். நடப்பவர் சாலைக்கு இறங்குவார். மூன்று வீடு அப்படிப் போனால் மீதி ஏழு தாழ்வாரத்தாலும் பயனில்லை. அதனால்தான் வைசியாள் வீதி எனப்படும் கலவை சுப்பராயச் செட்டியார் வீதியில், 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வேலை செய்தபோது, ஒரு வீட்டை மட்டும் பொறுக்கி எடுக்காமல் தெரு முகப்புகளைத் தொடராகச் சீர்ப்படுத்தினார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது.

சுண்ணாம்பு வீடு எப்படிக் கெடுகிறது

இந்த வீடுகளை வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு சிமென்ட். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கடலோர மண்ணின் உப்பீரம் அடியிலிருந்து ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போகும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடும். உப்பு சுவருக்குள்ளேயே படிகமாகி, ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு பொருக்கு விட்டு, செங்கல்லையும் சேர்த்து உதிர்க்கும். மேலே மறுபடி சிமென்ட் பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். ஆளுயரம் வரை சுவர் கெட்ட வீடுகள் பெரும்பாலும் இப்படிக் கெட்டவையே.

சரியான வழி மெதுவானது. கெட்ட சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடைக்காலமாவது திறந்துபோட்டு உலர விடவேண்டும். சுண்ணாம்பை நீற்றி இரண்டு வாரமாவது நீரில் ஊறவைக்க வேண்டும். சரியாக நீறாத துணுக்குகள் பூச்சுக்குள் போனால் பிறகு பூத்து வெடிக்கும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. முதல் பூச்சு இறுகிய பின்னரே அடுத்தது. வெயில் படாமல் சாக்கு தொங்கவிட்டு நனைத்து வரவேண்டும். கடைசிப் பூச்சில் சலித்த சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து வழவழப்பாகத் தேய்ப்பது பழைய முறை. கொத்தனார் அவசரப்பட்டால் மயிரிழை விரிசல் விழும். அவரைவிட அவசரம் வீட்டுக்காரருக்கே அதிகம் என்பதால் இந்த விரிசல் இல்லாத வீடு அரிது.

கூரை இன்னும் முக்கியம். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மட்டப்பாவில் தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்கோட்டில் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு. நன்கு பராமரித்தால் நூறு ஆண்டு தாண்டும். கெடுவது மூன்று இடத்தில்: தண்ணீர்த் தொட்டியின் எடை, ஏசி குழாய்க்குப் போட்ட துளை, சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை. முனை உளுத்தாலும் கரையான் அரித்தாலும் வெளியே தெரியாது. உத்தரத்தைச் சுத்தியலால் சுவரோரம் தட்டிப் பார்த்தால் பொத்தலான சத்தம் வரும். 1870களின் தொடக்கத்தில் எழுந்த, மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம், சீரமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. மீண்டும் அதே வடிவில் கட்டி 2021இல் திறந்தார்கள். அது இப்போது அழகாக இருக்கிறது, ஆனால் பழைய கட்டடம் அதுவல்ல.

1990களில் இன்டாக் எடுத்த கணக்கில் மரபு மதிப்புள்ள கட்டடங்கள் 1,800க்கு மேல். அவற்றில் பல நூறு இன்று இல்லை. இழப்பு அதிகம் தமிழ்ப் பகுதியில். காரணத்தில் புதுச்சேரிக்கே உரிய ஒரு முடிச்சு உண்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமை இருந்தது. சில ஆயிரம் பேர் அப்படி வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய ‘சொல்தா’க்கள் அவர்களில் பலர். பிள்ளைகள் பிரான்சில், வீடு இங்கே பூட்டிக் கிடக்க, வாரிசுகள் எட்டுப் பேர், கையெழுத்து வாங்க ஆள் இல்லை. பூட்டிய வீட்டில் கூரை ஒழுகினால் யாருக்கும் தெரியாது. ஐந்தாவது மழையில் உத்தரம் விழும், மனை விலைக்குப் போகும்.

ஆரோவில்: வருகைக்கென்றே கட்டிய ஊர்

ஊருக்கு வடக்கே, தமிழ்நாட்டு விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில், பல நாட்டவரும் சேர்ந்து வாழ ஆசிரமத்தின் வழியில் எழுந்த ஊர். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கினார்கள். அன்று அது மரமற்ற செம்மண் மேடு. மழை நீர் மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. முதலில் வந்தவர்களுக்கு இருந்த வேலை மண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான். வயலைச் சுற்றி மண்கரை போட்டு விழுந்த நீரை விழுந்த இடத்திலேயே நிற்கவைத்தார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். ஐப்பசி மழையில் நட்டார்கள். முதலில் வறட்சியைத் தாங்கி விரைவாக வளரும் வெளிநாட்டு மரங்கள், அவற்றின் நிழலில் இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள். அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்த இடங்களில் நாற்று காய்ந்தது. இப்பகுதிக் கிராமத்தவர் உழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. கோயில் காட்டு மரங்களின் பெயரும் குணமும் விதைக்காலமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

இன்று மக்கள் தொகை 3,000க்குச் சற்று மேல். திட்டத்தில் எழுதியது 50,000. ஏன் இவ்வளவு இடைவெளி? சேரும் முறை நீண்டது. முதலில் பார்வையாளர், பிறகு சில மாதம் தன்னார்வலர், அதன் பின் ஓராண்டுக்கு மேல் ‘நியூகமர்’. அந்தக் காலத்தில் சொந்தச் செலவில் இருந்து, ஏதேனும் ஒரு பணியில் வேலை செய்யவேண்டும். வெளிநாட்டவருக்கு விசாவுக்கான பரிந்துரை ஆரோவில் அறக்கட்டளை வழியே வரவேண்டும். நிலமும் வீடும் யாருக்கும் சொந்தமில்லை. 1988 சட்டப்படி அறக்கட்டளையுடையவை. வீட்டுக்குப் பணம் போட்டாலும் விற்று எடுத்துப்போக முடியாது. ஊகவணிகத்தைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. அதே ஏற்பாடு கையில் பணமில்லாத இளைஞரைத் தள்ளிவைக்கிறது, ஏனென்றால் வாடகைக்கு விட வீடு குறைவு. 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்களை வெட்டியதிலிருந்து, நகரத் திட்டத்தை அப்படியே கட்டுவதா, வளர்ந்த காட்டை ஒட்டித் திருத்துவதா என்ற பூசல் வெளிப்படையாகவே நடக்கிறது. புதியவர் வருகையை இதுவும் பாதிக்கிறது.

ஆரோவில்லிலிருந்து வெளியூர்களுக்குப் பரவிய பொருள்களில் மிகப் பயனுள்ளது அழுத்திய மண்கல். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்து, சல்லடையில் போட்டு, எடையில் 5 விழுக்காடு சிமென்ட் கலந்து, கைப்பொறியில் அழுத்தி, நான்கு வாரம் நனைத்து வைப்பார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். களி அதிகமுள்ள மண்ணை அப்படியே போட்டால் காயும்போது வெடிக்கும்; மணல் சேர்க்கவேண்டும். நனைப்பதைப் பத்து நாளில் நிறுத்தினால் மூலை உதிரும். இதைக் கற்க உலகின் பல நாடுகளிலிருந்து கொத்தனார்களும் கட்டடக் கலைஞர்களும் வருகிறார்கள். குயிலாப்பாளையம், இடையன்சாவடி, ஆலங்குப்பம் ஆட்களும் இத்தொழிலில் கைதேர்ந்தவர்கள். ஆனால் அதே கிராமங்களில் மனை விலை ஏறி, சொந்தத் தம்பிக்கு இரண்டு சென்ட் வாங்க முடியாத நிலை வந்திருக்கிறது.

வடகம்

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். ‘வடுவான்’ என்று பிரெஞ்சுச் சமையல்காரர்கள் வாங்கும் மசாலா நம் வடகம்தான். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள். வெங்காயத்தை இடித்து, கலந்து, ஒரு இரவு வைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, பகலில் வெயில், இரவில் மூடிவைப்பு என்று பத்து நாளாவது காயவேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். பங்குனி, சித்திரையில் மட்டுமே நன்றாக வரும். குடும்பம் வாழும் மாடியில்தான் இது சாத்தியம். அறைகளாகப் பிரித்த விடுதி மாடியில் இந்தப் பத்து நாள் கிடைக்காது. உணவகங்கள் பல கடைப்பொடியைப் போட்டுக் கிரியோல் (பிரெஞ்சு-தமிழ்க் கலப்புச் சமையல்) என்று பெயர் வைப்பதற்குக் காரணம் இதுவே.

இப்போது நடப்பது

கிழக்குக் கடற்கரைச் சாலை சீரானபின் சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை போகும் கூட்டத்துக்குத் தேவை அறை, மது, காலைச் சிற்றுண்டி, படம் எடுக்க ஒரு சுவர். ஒரு வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட வார இறுதி அறைகளாக விடுவதில் வருமானம் அதிகம். எனவே அச்சுக்கோர்ப்பவரும் ஆசிரியரும் ஆய்வு மாணவரும் இருந்த அறைகள் விடுதி ஆகின்றன. அவர்கள் லாஸ்பேட்டைக்கும் அதற்கப்பாலும் போகிறார்கள். மளிகைக் கடை மூடிக் காபிக் கடை ஆகிறது, அடுத்து பழுதுபார்க்கும் கடை போகிறது. பஞ்சாலைகள் மூடிய ஊரில் சுற்றுலாவை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனமில்லை. அது நியாயமே. ஆனால் மாத வாடகை வீடுகளுக்கு வரிச்சலுகை, தெருவுக்கு இத்தனை விடுதி என்ற வரம்பு, வாரிசுத் தகராறில் பூட்டிய வீடுகளுக்குக் கூரை மட்டுமாவது நகராட்சியே பழுதுபார்த்துச் செலவைச் சொத்தின் மேல் ஏற்றும் ஏற்பாடு ஆகியவை செய்யக்கூடியவை.

கடற்கரை மணலும் போய்த் திரும்பியிருக்கிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் தெற்கே. நிகரப் போக்கு வடக்கே. 1989இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல்தடுப்புகள் நீட்டியதும் மணல் தெற்கே தேங்கியது, வடக்கே இருந்த ஊர்க் கடற்கரை கரைந்தது. கருங்கல் கொட்டினார்கள். கல் கரையைக் காத்தது, அரிப்பை வடக்கே சோலை நகருக்கும் கோட்டக்குப்பத்துக்கும் தள்ளிவிட்டது. அங்கே மீனவர் வீடுகள் போயின. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை மூழ்கவைத்த பின், அலை வேகம் தணிந்து காந்தி சிலை அருகே மணல் திரும்பியது. தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே போடும் வேலையை ஆண்டுதோறும் விடாமல் செய்தாலொழிய வடக்குக் குப்பங்களுக்கு இந்தப் பலன் போய்ச் சேராது.

குடியேற நினைப்பவர் பார்க்கவேண்டியவை

வீடு பார்க்க டிசம்பர் இறுதியில் வரவேண்டாம். அப்போது ஊர் தன் இயல்பில் இராது. நவம்பரில், மழை பெய்த மறுநாள் வந்து, மேல்மாடிக் கூரையின் உட்பக்கத்தையும் சுவரின் அடி மூன்று அடியையும் பாருங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் நீர் நின்றது. எந்தத் தெருவில் எத்தனை நாள் நின்றது என்பது அங்குள்ள இஸ்திரிக் கடைக்காரருக்கும் பால்காரருக்கும் துல்லியமாகத் தெரியும். ஆழ்துளைக் கிணறு உண்டென்றால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கடலோரத்தில் உவர்ப்பு ஏறிவருகிறது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஏசியின் வெளிப்பெட்டி, இரும்புக் கிராதி, மின்பலகை எல்லாவற்றையும் உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீடு விடுதியா, விடுதியாகப் போகிறதா என்று கேளுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி ஓடாது. அதை ஒட்டிய தெருக்களில் அந்த வண்டிகள் எல்லாம் எங்கே நிற்கின்றன என்று சனிக்கிழமை இரவு பாருங்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு அதே தெருவில் நடந்து, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, எத்தனை வீட்டிலிருந்து தாளிக்கும் மணம் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியிலும் ஈசுவரன் தருமராசா கோயில் வீதியிலும் இதே கணக்கை எடுத்து ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.